தறியின் இடது பக்கம்

போன தை மாசம் காஞ்சிபுரம் போனப்போ கையில ஒரு காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கிட்டுப் போனேன். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் வருஷா வருஷம் ஊழியர்கள் எடுத்த படங்களை வெச்சு ஒரு காலண்டர் போடுவாங்க. அதில் மார்ச் மாசத்துக்கு என் படம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுத்தறியில் எடுத்தது. ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில் விழுது, கையில் நாடா, மடிக்கு முன்னால் படமரத்தில் சுத்தின அரக்கு நிறச் சேலை. படம் நல்லா வந்திருந்தது. ஆபீஸில் நிறைய பேர் பாராட்டினாங்க.

அந்த வீட்டு அண்ணன் காலண்டரை வாங்கிப் பார்த்துச் சிரிச்சார். "என்னை ஹீரோ ஆக்கிட்டீங்களே தம்பி"ன்னார். உள்ளேயிருந்து அண்ணி கையைத் துடைச்சுக்கிட்டே வந்து பார்த்தாங்க. கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நான் எங்க தம்பி?"ன்னு கேட்டாங்க.

கோபமா கேட்கலை. வீட்டில் ஒரு பொருளைக் காணோம்னா "இங்கதானே வெச்சேன்"னு தேடுவோமில்லையா, அந்தக் குரல். "அன்னைக்குக் காலையிலேர்ந்து நான்தானே பக்கத்துல உட்கார்ந்து நாடா போட்டேன்?"

ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். ராத்திரி சென்னைக்கு வந்ததும் முதல் வேலையா அந்தப் படத்தோட அசல் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் எதிரில் கொஞ்சம் சாய்வா உட்கார்ந்து எடுத்திருந்ததால், அண்ணனுக்கு இடது பக்கம் படத்தில் வலது ஓரமா வந்திருக்கு. அங்கே ஒரு முன்கை, ரெண்டு கண்ணாடி வளையல், விரல் நுனியில் ஒரு நாடா. பின்னாடி ஒரு நீல பிளாஸ்டிக் வாளியும் கொடியில் காயற துண்டும். வாளியும் துண்டும் உறுத்துதுன்னு அந்த ஓரத்தை நான்தான் வெட்டியிருக்கேன். அதோட அண்ணியோட கையும் போயிடுச்சு.

அடுத்த சனிக்கிழமை பூரா உட்கார்ந்து அந்த வீட்டில் மூணு வருஷத்தில் எடுத்த தறிப் படங்களை எண்ணினேன். இருநூத்துச் சொச்சம். அண்ணி முகம் தெளிவா தெரிஞ்சது ஏழு. அதிலும் நாலு, அவங்க எனக்கு டீ கொண்டுவந்தப்போ எடுத்தது.

வேலை செய்யறவங்களைப் படம் எடுக்கிறதைப் பத்தி ஒரு குறிப்பு எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். லென்ஸ், வெளிச்சம், அனுமதி வாங்கறதுன்னு வழக்கமா எழுதற மாதிரி. இந்தக் கணக்குக்கு அப்புறம் அப்படி மட்டும் எழுத முடியலை.

ஒரு தறிக்கு எத்தனை பேர்?

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டும் சேர்ற இடத்தில் ஒரு நிறம் இன்னொண்ணுக்குள்ள கசியாது. கத்தியால கோடு போட்ட மாதிரி இருக்கும்.

அது எப்படின்னு பார்ப்போம். சாதாரண நெசவில் ஒரே நாடா, ஒரே ஊடை நூல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். கோர்வையில் மூணு நாடா. நடுவில் உடலுக்கு ஒண்ணு, வலது கரைக்கு ஒண்ணு, இடது கரைக்கு ஒண்ணு. உடல் நூல் கரையோட எல்லை வரைக்கும்தான் போகும். அங்கே கரை நூலோட கோத்துக்கிட்டு திரும்பிடும். கரை நூலும் அதே மாதிரி அதோட எல்லையில் கோத்துத் திரும்பும். ஒவ்வொரு இழைக்கும் இப்படி ரெண்டு முடிச்சு, ரெண்டு பக்கமும்.

இதை ஒரு ஆளால இழுத்துக்கட்டிச் செய்யறது கஷ்டம். அதனால நெசவாளர் வலது பக்கம் உட்காருவார், இன்னொருத்தர் இடது பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரை நாடாவைப் போடுவார். சேலையோட அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். அந்த அகலத்துக்குள்ள ரெண்டு பேர், தோளோடு தோள் இடிக்காத குறைதான். ஒருத்தர் மிதியை அழுத்தற நேரத்துக்கு இன்னொருத்தர் கை போகணும். ஒருத்தர் இருமினாக்கூட இன்னொருத்தர் கை நிக்கணும்.

இது தறியில் மட்டும். தறிக்கு வர்றதுக்கு முன்னாடி நூலை ராட்டையில் சுத்தணும், ஊடைக்குத் தார் சுத்தணும், விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிச் சரி பண்ணணும், பழைய பாவோட புதுப் பாவை இழை இழையா பிணைக்கணும். ஆயிரக்கணக்கான இழை. இந்த வேலையில் பாதிக்கு மேல வீட்டுப் பெண்கள் கையில்தான் நடக்குது. அப்புறம்தான் நாம படம் எடுக்கிற காட்சி வருது.

ஆக ஒரு கோர்வைத் தறியில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பார்த்தீங்கன்னா, இன்னொருத்தர் எழுந்து போயிருக்கணும், இல்லை படம் எடுத்தவர் வெட்டியிருக்கணும். இணையத்தில் 'காஞ்சிபுரம் நெசவாளர்'னு தேடிப் பாருங்க. எத்தனை படத்தில் ரெண்டு பேர் இருக்காங்கன்னு எண்ணுங்க.

ஜக்கார்டும் நானும்

உண்மையைச் சொல்லணும்னா நான் தறிக்குப் போனதே மனுஷங்களுக்காக இல்லை. தறிக்கு மேல இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்காக. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804ல கொண்டுவந்த கருவி. துளை போட்ட அட்டை வரிசையா ஓடும். எந்தத் துளையில் ஊசி நுழையுதோ அந்தப் பாவு நூல் மேல எழும். அந்த யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னோட பகுப்பாய்வு இயந்திரத்துக்கு எடுத்துக்கிட்டார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹோலரித் துளை அட்டையைப் பயன்படுத்தினார். சாஃப்ட்வேர் ஆட்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும், சொல்றதுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும்தான். முதல் வருஷம் நான் எடுத்ததில் பாதி அட்டைகளோட படம்.

அந்தக் கதையில் நாங்க சொல்லாம விடற ஒரு வரி உண்டு. ஜக்கார்டுக்கு முன்னாடி, பூ வேலை செஞ்ச தறிகளில் சொன்ன நேரத்தில் சொன்ன நூலை இழுத்துப் பிடிக்க ஒரு பையன் இருந்தான். அட்டை வந்து அவன் வேலையை எடுத்துக்கிட்டது. 'கம்ப்யூட்டரோட பாட்டன் தறி'ன்னு பெருமையா சொல்றோம். அந்தப் பாட்டனுக்கும் முன்னால ஒரு சின்னப் பையன் இருந்தான்.

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வந்தது நூல் தூக்கற வேலைக்கு மட்டும்தான். கோர்வைக்கு வேண்டிய இடது கை அப்படியே இருந்தது.

ஓரம் ஏன் வெட்டுப்படுது?

வேணும்னு யாரும் வெட்டறதில்லை. தொழில்நுட்பக் காரணங்களே நம்மை அந்தப் பக்கம் தள்ளும். நான் கத்துக்கிட்ட சிலதை எழுதறேன்.

முதலாவது உயரம். குழித்தறியில் கால் குழிக்குள்ள, உடம்பு தரை மட்டத்தில். நெசவாளரோட கண் தரையிலிருந்து சுமார் ரெண்டரை அடி உயரத்தில்தான் இருக்கும். நாம நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலையும் முதுகும்தான் கிடைக்கும். பார்க்கிறவங்களுக்கும் கீழே இருக்கிற ஒருத்தரைக் குனிஞ்சு பார்க்கிற உணர்வு வரும். தரையில் உட்கார்ந்தா முகம் வரும். ஆனா ஒரு முகம் வந்தா பக்கத்து முகம் அதுக்குப் பின்னால மறையும். ரெண்டு பேரும் வேணும்னா நேர் எதிரே போகணும். அங்கே பாவும் விழுதும் ஜக்கார்டு கயிறும் தொங்கும். இல்லைன்னா பின்பக்கச் சுவரில் முதுகை ஒட்டிக்கிட்டு அகலமான லென்ஸில் எடுக்கணும். மெனக்கெடணும்.

ரெண்டாவது வெளிச்சம். பழைய வீடுகளில் ஒரே ஜன்னல், இல்லைன்னா ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி. நெசவாளர் அந்த வெளிச்சத்தில் இருப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அவரோட நிழலில் இருப்பார். கேமரா வெளிச்சமான முகத்துக்குத்தான் கணக்குப் போடும், நிழலில் இருக்கிறது கறுப்பாயிடும்.

சரி, ஃப்ளாஷ் போடலாமா? ஜரிகை விடாது. ஜரிகைங்கிறது பட்டு இழை மேல தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுத்தித் தங்கப் பூச்சு கொடுத்தது. உலோகம். ஃப்ளாஷ் பட்டா அங்கங்கே வெள்ளைத் திட்டா எரியும். போலரைசர் ஃபில்டர் தண்ணியிலும் கண்ணாடியிலும் வர்ற பளபளப்பைக் குறைக்கும், உலோகத்தில் வர்றதைக் குறைக்காது. ஜன்னல் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டு நிழல் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பினேன். அது போதுமா இருந்தது. வேட்டி அவங்க வீட்டுது.

மூணாவது விளக்கு. இப்போ நிறைய தறிக்கு மேல எல்இடி பட்டை விளக்கு தொங்குது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஓடற நாடாவை உறைய வைக்கணும்னு ஷட்டரை 1/500க்கு வெச்சீங்கன்னா படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே விழும். 1/100 அல்லது 1/50ன்னு வெச்சா ஒவ்வொரு படத்துக்கும் முழு அலைகளா வெளிச்சம் கிடைக்கும், பட்டை போயிடும். ஆனா நாடாவும் விரலும் கலங்கும். கலங்கட்டும். ஓடற கை ஓடற மாதிரி தெரியறதில் தப்பு இல்லை. ரெண்டு பேர் கையும் வேற வேற வேகத்தில் கலங்கியிருக்கிற படம்தான் கோர்வையைச் சரியா சொல்லுதுன்னு எனக்கு இப்போ தோணுது.

நாலாவது காரணம்தான் முக்கியம். 'அழகா இல்லை'. வாளி, கொடி, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பை. தறி இருக்கிறது வீட்டுக்குள்ள. வீடுன்னா இதெல்லாம் இருக்கும். 'பாரம்பரியத் தொழில்'னு ஒரு படம் மனசில் வெச்சுக்கிட்டுப் போறோம், அதில் இதுக்கெல்லாம் இடம் இல்லை. எங்கே இதெல்லாம் இருக்கோ அங்கேதான் அண்ணியும் இருக்காங்க.

பெயர் இல்லாத படங்கள்

தொழில் செய்யறவங்களைப் படம் எடுக்கிறது நம்ம நாட்டில் எப்படித் தொடங்கிச்சுன்னு கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். 1857 கிளர்ச்சிக்கு அப்புறம், ஆளறவங்களுக்கு 'இந்த ஜனங்க யாரு'ன்னு தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' 1868லிருந்து 1875 வரைக்கும் 8 தொகுதிகளா வந்தது. அசல் புகைப்படங்களை ஒட்டின பக்கங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு ஜாதி அல்லது குழுவோட பேர். படத்தில் இருக்கிற ஆளோட பேர் பெரும்பாலும் கிடையாது. 'ஒரு மாதிரி'க்குப் பேர் எதுக்கு?

நம்ம பக்கத்தில் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளரா இருந்தவர். ரங்காச்சாரியோட உதவியோட அவர் எழுதின தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் பத்தின 7 தொகுதிகள் 1909ல் வந்தது. அதில் நெசவு செய்யற கைக்கோளர் பத்தியும் உண்டு. அதே 1909ல் காஞ்சிபுரத்தில் ஒரு கைக்கோளர் குடும்பத்தில் பிறந்தவர்தான் சி.என். அண்ணாதுரை. புத்தகத்தில் 'ஒரு வகை'யா பதிவான கூட்டத்திலிருந்து வந்தவர் 58 வருஷம் கழிச்சு முதலமைச்சர் ஆனார். படத்துக்குக் கீழே ஜாதிப் பேரை மட்டும் எழுதினா என்ன விட்டுப்போகும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இதைப் படிச்சுட்டு அந்தக் காலத்து ஆட்களைத் திட்டறது சுலபம். என் காலண்டரில் என்ன எழுதியிருந்ததுன்னு போய்ப் பார்த்தேன். 'பட்டு நெசவாளர், காஞ்சிபுரம்.' அவ்வளவுதான். அதுக்குக் கீழே என் பேர், என் எம்ப்ளாயி எண்.

48 அங்குலம்

இதுக்கு நேர் எதிரா வேலை செஞ்ச ஒருத்தர் லூயிஸ் ஹைன். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். 1908ல் ஆசிரியர் வேலையை விட்டுட்டு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படம் எடுக்கப் போனார். பஞ்சாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலைன்னு அமெரிக்கா பூரா சுத்தினார். உள்ளே விடமாட்டாங்க. சில இடத்தில் பைபிள் விற்கிறவரா போனார், சில இடத்தில் இயந்திரத்தைப் படம் எடுக்க வந்தவரா போனார். இயந்திரம் எவ்வளவு பெருசுன்னு காட்ட ஒரு குழந்தையைப் பக்கத்தில் நிக்கச் சொல்லுவார். தன் கோட்டில் எந்தப் பொத்தான் தரையிலிருந்து எத்தனை அங்குலம்னு அவருக்கு மனப்பாடம். குழந்தை எந்தப் பொத்தான் வரைக்கும் வருதுன்னு பார்த்து உயரத்தைக் கணக்குப் பண்ணுவார். கோட்டுப் பைக்குள்ள கையை விட்டபடியே குறிப்பு எழுதிக்குவார். பேர், வயசு, எத்தனை மாசமா வேலை, என்ன கூலி.

1908 நவம்பரில் தென் கரோலினா மாநிலத்தில் ஒரு பஞ்சாலையில் அவர் எடுத்த ஒரு சிறுமியோட படம் ரொம்பப் பிரபலம். நீளமா போற நூற்பு இயந்திர வரிசைக்குப் பக்கத்தில் தனியா நிக்கிறா. படத்தோட குறிப்பில் அவ பேர் இருக்கு, அரை வருஷமா வேலை செய்யறான்னு இருக்கு, உயரம் 48 அங்குலம்னு இருக்கு.

48 அங்குலம். ஒரு காஞ்சிபுரம் சேலையோட அகலம்.

அவர் எடுத்த 5,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்னைக்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் குறிப்புகளோட இருக்கு. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தற மத்தியச் சட்டம் அங்கே நிலைச்சது 1938ல். படம் எடுத்து 30 வருஷம் கழிச்சு. அந்தப் படங்களை வெறும் அழகான படங்களா இல்லாம சாட்சியமா மாத்தினது கீழே இருந்த ரெண்டு வரி.

காஞ்சிபுரத்தின் இடது பக்கம்

இப்போ நம்ம ஊருக்கு வரேன். கோர்வையில் இடது பக்கம் உட்கார்ற அந்த இன்னொருத்தர், ரொம்ப காலம், குழந்தை.

சின்ன விரல், சின்ன உடம்பு, குறைஞ்ச கூலி. என்னோட ஆறாம் வகுப்பு படிச்ச ஒருத்தன் அரைப் பரீட்சைக்கு அப்புறம் வரலை. கணக்கில் என்னைவிடக் கெட்டி. 'தறிக்குப் போயிட்டான்'னு சொன்னாங்க, எங்க யாருக்கும் அது ஆச்சரியமா தெரியலை. அவன் எங்களோட வகுப்பு ஃபோட்டோவில் இருக்கான், ரெண்டாவது வரிசையில். அதுக்கப்புறம் தறியில் அவனை யாரும் படம் எடுத்திருக்கமாட்டாங்க. எடுத்திருந்தாலும் ஓரத்தில் வெட்டியிருப்பாங்க.

வீட்டுக் கஷ்டத்துக்கு வாங்கின முன்பணத்துக்காகக் குழந்தையை வேற ஒருத்தர் தறியில் உட்கார வைக்கிறதும் இருந்தது. ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003ல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமையா இருந்த குழந்தைகள் பத்தி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கு.

சட்டம் இருந்ததா? இருந்தது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தோட அட்டவணையில் துணி நெசவும் உண்டு. ஆனா வீட்டுக்காரர் தன் குடும்பத்தோட உதவியில் நடத்தற பட்டறைக்கு அது பொருந்தாதுன்னு ஒரு விதிவிலக்கும் உண்டு. தறி வீட்டுக்குள்ள இருக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது 'எங்க வீட்டுப் பிள்ளை'ன்னா யார் என்ன கேட்பாங்க? 2016 திருத்தத்தில் 14 வயசுக்குக் கீழே எல்லா வேலைக்கும் தடை வந்தது. அதிலும் பள்ளி நேரத்துக்கு அப்புறமும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம்னு ஒரு விலக்கு இருக்கு.

'உதவி'. இந்தச் சொல்லைக் கவனிங்க. சட்டமும் அதையே சொல்லுது, நெசவாளர் வீட்டிலும் அதையே சொல்றாங்க, என் கேமராவும் அதையே சொல்லிச்சு. உதவி செய்யறவங்க கணக்கில் வரமாட்டாங்க. கூலி ஒரு சேலைக்கு இவ்வளவுன்னு பேசறது. அது ஒருத்தர் கைக்குத்தான் வரும்.

நான் போற வீடுகளில் இப்போ இடது பக்கம் குழந்தைகளைப் பார்க்கிறதில்லை. பிள்ளைங்க பள்ளிக்கூடமும் காலேஜும் போறாங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குப் போறவங்களும் உண்டு. அந்த இடம் காலியா இல்லை. மனைவி, அம்மா, நாத்தனார் உட்கார்ந்திருக்காங்க. 2019-20ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் மொத்தம் 35 லட்சத்துச் சொச்சம் தொழிலாளர்கள். அதில் நெசவாளர் சுமார் 26.7 லட்சம், துணைத் தொழிலாளர் சுமார் 8.5 லட்சம். நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் நெய்யறதே பெரும்பாலும் பெண்கள்தான். நாம மனசில் வெச்சிருக்கிற 'நெசவாளர்' முகத்தை அந்த எண்ணோட வெச்சுப் பாருங்க.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993க்கும் 2002க்கும் நடுவில் பத்து மாநிலங்களில் கிராமத்துப் பெண்கள் வேலை செய்யறதைப் படம் எடுத்து ஒரு கண்காட்சியா கொண்டுபோனார். வேலை கண்ணுக்குத் தெரியுது, பெண் தெரியலைங்கிறதுதான் அதோட தலைப்பே. அவர் தொடங்கின 'பாரி' இணையக் காப்பகத்தில் இன்னைக்கு மதுரைப் பக்கத்துக்காரர் எம். பழனி குமார் எடுக்கிற படங்களைப் பாருங்க. வேலை செய்யறவங்க நம்மளை நேரா பார்ப்பாங்க. கீழே பேர் இருக்கும், என்ன வேலை, எவ்வளவு கூலின்னு இருக்கும்.

எடுக்கிறதுக்கு முன்னாடி

இனி நானா கடைப்பிடிக்கலாம்னு வெச்சிருக்கிற சிலது. யாருக்காவது பயன்படலாம்.

நேரத்துக்கு விலை உண்டு. கூலி சேலைக்கு, மணிக்கு இல்லை. 'அண்ணே, ஒரு நிமிஷம் அப்படியே இருங்க'ன்னு நான் நிறுத்தற ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரோட வேலை நிக்குது. அதனால நிறுத்தச் சொல்றதில்லை. காத்திருக்கேன். ஒருவேளை நிறுத்தித்தான் ஆகணும்னா, அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கறேன். முதல்லயே சொல்லிட்டுக் கொடுக்கறேன்.

டிசைன் அவங்களுது இல்லை. ஒரு தடவை முந்தியை எடுக்கப் போனப்போ அண்ணன் கையை வெச்சு மறைச்சுட்டார். டிசைன் பட்டு கொடுத்த முதலாளியோடது. 2000ம் வருஷத்து டிசைன் சட்டப்படி, பதிவு செய்யறதுக்கு முன்னாடியே பொதுவில் வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது. நான் ஆர்வத்தில் ஒரு படம் போட்டா அவங்களுக்கு வேலை கொடுக்கிறவரோட சண்டை வரும். அதனால தறியில் இருக்கிற முந்தியை எடுக்கிறதில்லை. எடுத்தாலும் சேலை விற்பனைக்குப் போற வரைக்கும் வெளியே காட்டறதில்லை.

படம் சட்டப்படி என்னுது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படத்துக்கு ஆசிரியர் அதை எடுத்தவர். முகம் அவங்களுது, கை அவங்களுது, உரிமை எனக்கு. இதை மாத்த முடியாது, ஆனா ஞாபகம் வெச்சுக்கலாம். எங்கே வெளியிடப் போறேன்னு முதல்லயே சொல்லணும். 'சும்மா தம்பி எடுக்குது'ன்னு விட்டவங்க 'ஆபீஸ் காலண்டர்'னா வேற மாதிரி யோசிச்சிருக்கலாம். நான் கேட்கவே இல்லை.

குறிப்பை அவங்க வாயால எழுதணும். பேர் போடலாமா, எப்படிப் போடணும், என்ன வேலைன்னு எழுதணும். கேட்டுட்டுத்தான் எழுதணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது.

மறுபடியும் அந்த வீட்டில்

பங்குனியில் மறுபடி போனேன். மனசு அடிச்சுக்கிட்டுதான் போனேன். இந்தத் தடவை பின்பக்கச் சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால ரெண்டு முதுகு, நாலு கை, அதுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பாவு. 1/50ல் வெச்சு ஒரு மணி நேரம் எடுத்தேன். அப்புறம் எதிர்ப்பக்கம் போய், விழுதுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைஞ்சு, ரெண்டு முகமும் வர்ற மாதிரி பத்து படம். வாளி இருந்தது. அப்படியே விட்டேன்.

பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனப்போ, கீழே என்ன எழுதணும்னு கேட்டேன். அண்ணன் "நெசவாளர், உதவி அவங்க மனைவின்னு போடுங்க"ன்னார். அண்ணி ஒண்ணும் சொல்லலை. டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போனாங்க. திரும்பி வந்து, "உதவின்னு போடாதீங்க தம்பி. இடது கரை நான் நெஞ்சதுன்னு போடுங்க"ன்னாங்க.

அண்ணன் கொஞ்சம் யோசிச்சார். "சரிதான், அது அவ நெஞ்சதுதான்"ன்னார்.

அவங்க வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் ரெண்டு பேர் பேரும் இருக்கு. இணையத்தில் பேர் வேண்டாம்னு சொன்னாங்க, அதனால இங்கே இல்லை. மத்தபடி குறிப்பு இதுதான்:

பச்சை உடல், அரக்குக் கரை, கோர்வைப் பட்டுச்சேலை. உடலும் வலது கரையும் கணவர் நெய்தது, 31 வருஷமா தறியில் இருக்கார். இடது கரை மனைவி நெய்தது, 24 வருஷமா தறியில் இருக்காங்க. தார் சுத்தினதும் பாவு பிணைச்சதும் மனைவியும் மாமியாரும். பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.